கைமாறும் குரல்

கல்கத்தாவின் தென்மேற்கில், ஆதி கங்கை என்று ஊரார் சொல்லும் டோலி நாலா ஹூக்ளியில் கலக்கும் இடத்தை ஒட்டி இருக்கிறது கிடர்பூர். அங்கே கப்பல்துறை திறந்தது 1892-இல். படகும் படகோட்டியும் அதற்கு வெகு காலம் முன்பிருந்தே அந்த ஆற்றில் உண்டு. இக்கரையில் நிற்கும் ஒருவன் நடு ஆற்றில் போகும் படகைக் கூப்பிடும்போது அவன் குரலுக்கு என்ன ஆகிறது என்று பாருங்கள். சத்தம் கூடுகிறது, கூடவே, அவன் நினைக்காமலே சுருதியும் ஏறிவிடுகிறது. பேச்சில் வினாடிக்கு 110, 120 தடவை அதிர்ந்துகொண்டிருந்த ஆண்குரல் கூவலில் 300-ஐத் தாண்டிப் போகும். இதைப் பழக்கம் என்று மட்டும் சொல்லிவிட முடியாது. நுரையீரலிலிருந்து காற்றை அழுத்தித் தள்ளினாலே குரல்நாண்கள் கொஞ்சம் இழுபட்டுச் சுருதி ஏறும். நம் காதும் கீழ்ச்சுருதியை அரைகுறையாகத்தான் வாங்கும். 2,000 முதல் 5,000 ஹெர்ட்ஸ் வரையிலான ஒலிக்குத்தான் அது மிகக் கூர்மை. போதாததற்கு, ஆற்றின் இரைச்சலும் துறைமுகத்தின் உறுமலும் கீழ்ச்சுருதியிலேயே குவிந்து கிடக்கின்றன. தூரத்தில் இருப்பவனை எட்ட வேண்டுமானால் மேலே போவதுதான் வழி. ஆனால் எவ்வளவு மேலே? கூவல் ஏறிக்கொண்டே போய், ஓரிடத்தில் ‘கீச்’சென்று உடைகிறது. இந்த அத்தியாயம் அந்த ஓரிடத்தைப் பற்றியது. மேற்கத்திய இசையில் டெனர் என்று பெயர் பெற்ற மேல்வகை ஆண்குரலுக்குச் சோறு போடுவதும் அந்த இடம்தான், சோற்றில் மண் போடுவதும் அதேதான்.

கிடர்பூரைச் சுற்றியே இந்தச் சிக்கலுக்குப் பல விடைகள் கிடைக்கின்றன. படகுக்காரர்களின் பாடியாலிப் பாட்டு பெரும்பாலும் மேலே எடுத்து, நீட்டி, மெல்லக் கீழே இறங்கும். பள்ளிவாசல் பாங்கும் அப்படியே, ஒலிபெருக்கி வருவதற்கு முன்பு வெறும் தொண்டையை நம்பி ஊரை எட்டிய ஆண்குரல். பக்கத்து மட்டியாபுருஸில் கதை வேறு. 1856-இல் அயோத்தி அரசை இழந்த நவாப் வாஜித் அலி ஷா அங்கே வந்து தங்கி, 1887-இல் சாகும் வரை ஒரு குட்டி லக்னோவையே நடத்தினார். அவர் பேணிய தும்ரி கூடத்தில் உட்கார்ந்து கேட்கிற பாட்டு. ஆற்றைத் தாண்ட வேண்டிய அவசியம் அதற்கு இல்லை. அவர் இயற்றியதாகச் சொல்லப்படும் ‘பாபுல் மோரா’வை 1938-இல் அதே கல்கத்தாவின் நியூ தியேட்டர்ஸ் எடுத்த ‘ஸ்ட்ரீட் சிங்கர்’ படத்தில் கே.எல். சைகல் பாடினார். பேசுவதைவிடக் கொஞ்சம்தான் உயர்ந்த சுருதி, முணுமுணுப்புக்கு நெருக்கமான சத்தம். ஆனாலும் இந்தியா முழுக்க எட்டியது. மைக் வந்த பிறகு தூரம் ஒரு பிரச்சினையாக இல்லாமல் போனது. ஆகவே மேல்சுருதியில் வலுவோடு பாடுவது எப்படி என்ற கேள்வி உயிருக்கு உயிராக இருந்த இடத்தைத் தேடினால், மைக்குக்கு முந்திய மேடைக்குத்தான் போக வேண்டும். ஐரோப்பாவில் அது ஆப்பரா. நமக்கு ஸ்பெஷல் நாடகம்.

செங்கோட்டையில் 1906-இல் பிறந்து 1933-இல் 27 வயதில் மறைந்த நாடக மேடைப் பாடகர் எஸ்.ஜி. கிட்டப்பாவின் குரலைப் பற்றிப் பேசும் ரசிகர்கள் முதலில் சொல்வது அவர் பாடிய கட்டையைத்தான். நாலரை என்பார்கள், ஐந்து என்பார்கள். கட்டை என்பது ஆர்மோனியத்தின் மரக்கட்டை. காலால் மிதிக்கும் ஐரோப்பிய ஆர்மோனியத்தைக் கையால் துருத்தி அடிக்கும் பெட்டியாக மாற்றிப் பரப்பியதில் கல்கத்தாவின் துவாரகநாத் கோஷுக்கும், 1875-இல் தொடங்கிய அவருடைய துவார்க்கின் கம்பெனிக்கும் பெரிய பங்கு உண்டு. தமிழ்நாட்டு மேடைக் குரலை அளக்கும் கோல் வங்காளத்தில் உருவம் பெற்றது என்றுகூடச் சொல்லலாம். அந்தக் கோலை ஹெர்ட்ஸ் கணக்குக்கு மாற்றினால் நம் சங்கீதமும் ஆப்பராவும் ஒரே பாறையில் மோதுவது தெரியும். ஒரு கட்டையில் பாடும் ஆணின் ஆதார ஷட்ஜம் 131 ஹெர்ட்ஸ். மேல் ஷட்ஜம் 262, மேல் அந்தர காந்தாரம் 330, மேல் மத்திமம் 349, மேல் பஞ்சமம் 392. டெனர் குரல் தடுமாறும் வாசல் என்று இத்தாலியப் பாட்டு ஆசிரியர்கள் குறித்து வைத்திருப்பது ஏறக்குறைய 330-இலிருந்து 370 வரை. நம் வித்வான்கள் நிரவலின் உச்சத்தில் எட்டிப் பிடித்து நிற்கும் அதே காந்தார, மத்திம, பஞ்சமப் பகுதிதான் அது. இனி ஐந்து கட்டையை எடுத்துக்கொள்ளுங்கள். ஆதார ஷட்ஜம் 196. மத்தியமஸ்தாயி தைவதத்திலேயே வாசல் வந்துவிடும். மேல் ஷட்ஜமான 392 வாசலுக்கு அப்பால். கிட்டப்பா போன்றவருக்கு மேல்ஸ்தாயி முழுவதுமே மறுகரை. நான்கு கட்டைக்காரர் மேல் பஞ்சமத்தைத் தொட்டால் அது 523 ஹெர்ட்ஸ், ஆப்பரா ரசிகர்கள் எழுந்து நின்று கைதட்டும் டெனரின் மேல் ‘ஸி’.

ஒரு சந்தேகத்தை இங்கேயே தீர்த்துவிட வேண்டும். பழைய இசைத்தட்டுகளை வைத்துக் கட்டையைக் கணக்கிடுவது ஆபத்தான வேலை. நிமிடத்துக்கு 78 சுற்று என்று பெயர் வாங்கிய தட்டுகள் எல்லாமே அந்த வேகத்தில் பதிவானவை அல்ல. 78-இல் சுற்ற வேண்டியதை 82, 83 சுற்றில் ஓட்டினால் பாட்டு அரைக் கட்டை ஏறிவிடும். எந்தச் சாம்பவான் ‘உண்மையில்’ எத்தனை கட்டை என்று திண்ணையில் நடக்கும் சண்டையில் பாதி, தட்டைச் சுழற்றிய மோட்டாரின் சண்டை. என் வாதத்துக்கு அரைக் கட்டை கூடினாலும் குறைந்தாலும் நஷ்டமில்லை. மைக் இல்லாத கொட்டகையில் கடைசி வரிசைவரை கேட்கும்படி, ஆண்கள் அந்த வாசலுக்கு மேலே இரவு முழுக்கப் பாடினார்கள். அது எப்படி முடிந்தது என்பதுதான் கேள்வி. ‘அவருக்குத் தொண்டையில் அவ்வளவு பலம்’ என்பது வழக்கமான பதில். அந்தப் பதில் ஏறக்குறைய தலைகீழ் என்று காட்டுவதற்குத்தான் இவ்வளவு பீடிகை.

குரல்நாண் என்ற பெயரே கொஞ்சம் ஏமாற்றுகிறது. வீணைத் தந்தி போன்ற ஒன்று தொண்டையில் இல்லை. குரல்வளைக்குள் இருப்பவை முன்னிருந்து பின்னாக நீளும் இரண்டு மடிப்புகள். ஆணுக்கு ஏறத்தாழ இரண்டு சென்டிமீட்டர் நீளம். ஒவ்வொரு மடிப்பும் பல அடுக்கு. உள்ளே தசை, அதன்மேல் நார்ப்பட்டை, அதற்கும் மேலே கூழ் போன்ற மெல்லிய படலமும் தோலும். தசை உடல், மேற்படலம் உறை என்று பிரித்துப் பார்க்கக் கற்றுக்கொடுத்தவர் ஜப்பானிய மருத்துவர் மினோரு ஹிரானோ, 1970-களில். மடிப்புக்குள் இருக்கும் தசை இறுகினால் மடிப்பு குட்டையாக, தடிமனாக ஆகும். இரண்டு மடிப்பும் முழுக் கனத்தோடு மோதி, ஒவ்வொரு சுற்றிலும் நெடுநேரம் மூடியிருந்து திறக்கும். பேச்சுக் குரல் இது. சங்கீதக்காரர்கள் கனமான சாரீரம் என்பதும் இதைத்தான். வெளியே இன்னொரு தசை இருக்கிறது. அது சுருங்கினால் தொண்டையில் துருத்தி நிற்கும் குருத்தெலும்பு முன்னால் சாய்ந்து மடிப்புகளை இழுத்து நீட்டும். நீண்டால் மெலியும், மெலிந்தால் வேகமாக அதிரும், சுருதி ஏறும். உள்தசை அடியோடு தளர்ந்து வெளித்தசை மட்டும் இழுத்தால் மடிப்பின் ஓரம் மட்டும் படபடக்கும். சரியாக மூடாமலும் போகலாம். காற்றுக் கசியும் அந்தக் கீச்சுக் குரலைத்தான் கள்ளக்குரல் என்று வித்வான்கள் ஒதுக்கினார்கள். இதற்கு மேலும் சில நிலைகளைச் சிலர் கணக்கிடுகிறார்கள். நமக்கு இந்த இரண்டு போதும்.

இந்த இரண்டையும் மனிதர் வெகு நாளாக உணர்ந்திருக்கிறார்கள், இடத்தைத்தான் மாற்றிச் சொன்னார்கள். மந்திரம் நெஞ்சில், மத்தியமம் கண்டத்தில், தாரம் தலையில் பிறக்கும் என்று 13-ஆம் நூற்றாண்டில் சாரங்கதேவரின் சங்கீத ரத்னாகரம் பிரித்தது. தலை, மிடறு, நெஞ்சு என்ற மூன்றையும் தொல்காப்பியத்தின் பிறப்பியலிலேயே பார்க்கலாம். இத்தாலியர்களும் நெஞ்சுக் குரல், தலைக் குரல் என்றே பெயர் வைத்தார்கள். ஒருவரையொருவர் பார்க்காத இத்தனை பேர் ஒரே மாதிரிச் சொல்வதால் அதிர்வு அங்கெல்லாம் உணரப்படுவது உண்மை. ஆனால் ஒலி பிறப்பது குரல்வளையில் மட்டும்தான். அதைக் கண்ணால் பார்த்தவர் மானுவேல் கார்சியா என்ற பாட்டு வாத்தியார். பல் மருத்துவரின் சிறு கண்ணாடியைத் தன் தொண்டைக்குள் விட்டு, வெயிலை இன்னொரு கண்ணாடியால் திருப்பி, தான் பாடும்போதே தன் குரல்நாண்கள் அசைவதைப் பார்த்தார். 1855-இல் லண்டன் ராயல் சொசைட்டியில் அந்த அறிக்கை வாசிக்கப்பட்டது. தொண்டை மருத்துவர்கள் இன்றும் அந்தக் கண்ணாடியின் வாரிசுகளைத்தான் பயன்படுத்துகிறார்கள்.

உடைவு என்பது பாடகனின் பயமா, உடம்பின் குணமா? பிணத்திலிருந்து எடுத்த குரல்வளையை மேசையில் பொருத்தி, கீழிருந்து காற்றை ஊதி ஒலியெழுப்பும் சோதனைகளை 1830-களிலேயே பெர்லினில் யோஹானஸ் முல்லர் செய்துவந்தார். பின்னாளில் இதே வகைச் சோதனையை அளவுக் கருவிகளோடு செய்தபோது ஒன்று தெளிவாயிற்று. இழுவிசையைச் சிறுகச் சிறுகக் கூட்டினாலும் அதிர்வு சிறுகச் சிறுக மாறுவதில்லை. ஒரு கட்டத்தில் தடாலென்று அடுத்த நிலைக்குத் தாவுகிறது. திரும்ப இறக்கினால் தாவிய அதே இடத்தில் மீளாமல் இன்னும் கீழே வந்துதான் பழைய நிலைக்கு விழுகிறது. பயப்பட மனமில்லாத உறுப்பு செய்யும் வேலை இது. மகரக்கட்டு உடையும் வயதுப் பையனின் குரல் பேச்சின் நடுவே ‘கிறீச்’ என்று மேலே ஓடுவதும் இதே தாவல். ஆறே மாதத்தில் வளர்ந்துவிட்ட மடிப்புகளை எந்தத் தசையால் எவ்வளவு பிடிப்பது என்று மூளைக்கு இன்னும் கணக்குப் பிடிபடவில்லை. பாய்ஸ் கம்பெனி நாடகங்களில் ஸ்திரீபார்ட் பாடிக்கொண்டிருந்த பையனுக்கு அந்த ஒரு தாவல் வேலையையே பறித்துவிடும்.

தசைக் கணக்கு பாதிதான். மீதிப் பாதி தொண்டையின் காற்றறையில் இருக்கிறது, எனக்கு இந்தப் பாதிதான் அதிகம் பிடிக்கும். குரல்நாண்கள் ஒரே அதிர்வெண்ணைத் தருவதில்லை. அடிச்சுரத்தோடு அதன் இரண்டு மடங்கு, மூன்று மடங்கு, நான்கு மடங்கு என்று மேற்சுரங்கள் வரிசையாகக் கிளம்புகின்றன. தொண்டை, வாய், உதடு சேர்ந்த குழாய் அவற்றில் சிலவற்றை மட்டும் தட்டிக்கொடுத்து வளர்க்கும். ‘ஆ’ என்று வாய் திறந்தால் ஆண்குழாயின் முதல் ஒத்ததிர்வு ஏறக்குறைய 700 ஹெர்ட்ஸில் நிற்கும். ‘ஈ’, ‘ஊ’ என்றால் 300 பக்கம். ஒரு கட்டைக்காரர் அகாரத்தில் மேல் மத்திமத்தைப் பிடிக்கிறார்: 349. அதன் இரண்டு மடங்கு 698. அதாவது அவருடைய இரண்டாம் மேற்சுரம் ‘ஆ’வின் ஒத்ததிர்வு மேல் சரியாக உட்கார்ந்திருக்கிறது. இதைப் போல வசதியான இடம் கிடையாது. கூவலுக்கு இவ்வளவு வலு இருப்பதே இதனால்தான். அடுத்த சுரத்துக்கு ஏறினால் அந்த மேற்சுரம் முகட்டைத் தாண்டி மறுபக்கச் சரிவில் இறங்கத் தொடங்கும். கையிலிருந்த வலு நழுவுவது போலப் பாடகருக்குத் தோன்றும். பதற்றம் பிறக்கும் கணம் அதுவே.

அங்கே இரண்டு பாதைகள். முதல் பாதை, முகட்டை விடாமல் பிடித்துக்கொண்டு மேலே தூக்குவது. தாடையை அகலத் திற, குரல்வளையை மேலே ஏற்று. குழாய் குட்டையாகி ஒத்ததிர்வு 700-இலிருந்து 800-ஐத் தாண்டும். கூடவே உள்தசையை இறுக்கு, காற்றை அழுத்து. பேச்சுக்குத் தேவையான காற்றழுத்தம் ஆறு முதல் பத்து சென்டிமீட்டர் நீரைத் தூக்கும் அளவு. இந்தப் பாதையில் அது பல மடங்காகும். கிடர்பூர்க் கரையில் கூவுகிறவன் செய்வது இதைத்தான், அவனுக்கு அது சரி. அவன் இரண்டு தடவை கூவிவிட்டு நிறுத்துவான். 523 ஹெர்ட்ஸ் சுரத்தைப் பத்து வினாடி பிடிக்கும் பாடகனுக்கு மடிப்புகள் 5,230 தடவை மோதுகின்றன. மண்வெட்டி பிடித்த உள்ளங்கையில் காய்ப்பு வருவது போலக் குரல்நாணின் ஓரத்திலும் வரும்; குரல் கம்மும், கரகரக்கும், மேல்சுரம் பிசிறடிக்கும். அடிவயிற்றிலிருந்து பாடு என்ற அறிவுரையை இந்தப் பாதையின் வழிகாட்டியாக எடுத்துக்கொண்டவர்கள் பாவம். அந்த அறிவுரை காற்றைச் சீராக விடுவதைப் பற்றியது. முட்டித் தள்ளுவதைப் பற்றியதல்ல.

இரண்டாம் பாதையில் வலுவை நழுவ விட வேண்டும். வாசலுக்கு மூன்று நான்கு சுரம் கீழேயே உள்தசை தன் பிடியைத் தளர்த்தத் தொடங்கி, வெளித்தசை இழுவையை எடுத்துக்கொள்கிறது. மடிப்புகள் மெலிந்தும் மூடுவதை மட்டும் விடுவதில்லை. குரல்வளை கீழேயே நிற்கிறது. ‘ஆ’ கொஞ்சம் வட்டமாகி ‘அ’வுக்கும் ‘ஒ’வுக்கும் நடுவே போகிறது. இரண்டாம் மேற்சுரம் முகட்டைத் தாண்டிப் போனால் போகட்டும் என்று விட்டுவிட்டு, குழாயின் இரண்டாம் ஒத்ததிர்வை மூன்றாம் மேற்சுரத்துக்கு நேராகத் திருப்புகிறார் பாடகர். ஓட்டப் பந்தயத்தில் தடியைக் கைமாற்றுகிறவன் கோட்டுக்கு வந்து நின்று கொடுப்பதில்லை. இருவரும் சேர்ந்து கொஞ்ச தூரம் ஓடுகிறார்கள். மேல்சுரத்தின் வலு என்று நாம் கேட்பது இந்த முன்கூட்டிய கைமாற்றத்தின் விளைவு. வாசலில் வந்து நின்று எவ்வளவு முக்கினாலும் அது கிடைக்காது.

இதற்கு எதிராக வரலாற்றிலிருந்தே ஒரு பெரிய சாட்சியைக் கொண்டுவருவார்கள். ரோசினியின் ‘கியோம் டெல்’ ஆப்பராவில் டெனரின் மேல் ‘ஸி’யை 1829-இல் பாரிஸில் முதலில் பாடிய அடோல்ஃப் நூரி, அன்றைய வழக்கப்படி தலைக் குரலைக் கலந்து மென்மையாகப் பாடினார். கில்பேர் தூப்ரே 1831-இல் இத்தாலியின் லுக்காவிலும், 1837-இல் பாரிஸிலும் அதையே நெஞ்சுக் குரலில் முழங்கினார். பாரிஸ் மயங்கிப் போனது. ரோசினிக்கு மட்டும் அது கழுத்தறுபடும் கோழியின் ஓலமாகப் பட்டது என்பார்கள். நூரி புது முறையைக் கற்க இத்தாலிக்குப் போய், பழைய நளினத்தையும் இழந்து, 1839-இல் நேப்பிள்ஸில் மாடியிலிருந்து குதித்து உயிர்விட்டார். பலம்தானே ஜெயித்தது என்று கேட்கலாம். 1840-இல் தூப்ரேயின் பாட்டைக் கூர்ந்து ஆராய்ந்த இரண்டு பிரெஞ்சு மருத்துவர்கள், திதேயும் பெத்ரெக்கெனும், எழுதி வைத்ததைப் பார்த்தால் பதில் மாறுகிறது. அவர்கள் கண்டது மேலே ஏறாமல் தாழ்ந்தே நின்ற குரல்வளை, கருமை பூசிய உயிரொலி. கூவலின் அடையாளங்களுக்கு நேர் எதிர். சபையோர் நெஞ்சுக் குரல் என்று பெயரிட்டார்கள். தூப்ரேயின் தொண்டை இரண்டாம் பாதையில் நடந்துகொண்டிருந்தது என்றே நான் நினைக்கிறேன். அவர் காற்றையும் அளவுக்கு மேல் செலவழித்திருக்கலாம். குரல் அவருக்கு நெடுநாள் நிலைக்கவில்லை.

இன்னொரு ஆட்சேபம் ஆய்வுக்கூடத்திலிருந்தே வருகிறது. கழுத்தின் இருபுறமும் காசளவு உலோகத் தகடுகளை வைத்து, உணர முடியாத அளவு சிறிய மின்னோட்டத்தைக் குறுக்கே செலுத்தினால், மடிப்புகள் ஒட்டும்போது மின்னோட்டம் எளிதாகப் பாயும், விலகும்போது தடைபடும். தொண்டைக்குள் எதையும் நுழைக்காமலே ஒவ்வொரு மோதலும் திரையில் கோடாக ஓடும். பிரான்சில் மிஷேல் காஸ்தெல்லெங்கோவும் நதாலி ஆன்ரிஷும் இந்த முறையில் கலப்புக் குரலை ஆராய்ந்து, அது மூன்றாவது நிலை ஒன்றும் இல்லை என்றார்கள். ஒவ்வொரு தடவையும் மடிப்புகள் தடித்த நிலை, மெலிந்த நிலை இரண்டில் ஒன்றில்தான் இருக்கின்றன. அப்படியே இருந்து மற்றொன்று போல ஒலிக்கின்றன. அப்படியானால் கலப்பு என்று பாட்டு வாத்தியார்கள் சொல்லிக்கொடுப்பது பொய்தானா? காதுக்கு அது ஒரு மாயை என்பது சரி. சினிமாவும் வினாடிக்கு 24 நிழற்படங்களின் மாயை, அதற்காக ஒளிப்பதிவாளரின் திறமை பொய்யாகிவிடாது. இரண்டு நிலையிலும் பாடக்கூடிய சுரங்கள் பல நடுவில் இருக்கின்றன. அங்கே தடித்த நிலையை மெலிதாக்கவும், மெலிந்த நிலையைக் கெட்டியாக்கவும் தெரிந்தால் தாவும்போது இடைவெளி காதில் விழாது. ஆப்பரா டெனர்கள் பெரும்பாலும் தடித்த நிலையை விடாமலே, அதை நீட்டி மெலிதாக்கிக்கொண்டு மேலே போகிறார்கள். கைமாறுவது நிலை என்பதைவிடப் பளு என்று சொன்னால் இன்னும் பொருந்தும்.

பளுவைக் குறைத்த பிறகும் கடைசி வரிசைக்கு எப்படிக் கேட்டது? தமிழ்க் காது இதற்கு எப்போதோ ஒரு சொல்லைச் செய்து வைத்திருக்கிறது: கணீர். சீர்காழி கோவிந்தராஜனின் குரலைப் பற்றி யார் எழுதினாலும் அந்தச் சொல் வராமல் போகாது. சுவீடனைச் சேர்ந்த யோஹான் சுந்த்பெரி 1970-களில் ஆப்பரா ஆண்குரல்களின் ஒலிவரைவில் 3,000 ஹெர்ட்ஸ் பக்கம் ஒரு மேடு இருப்பதை விளக்கினார். குரல்நாண்களுக்குச் சற்று மேலே ஒரு குறுகிய கழுத்து. அதன் வாய் தொண்டைக்குள் திறக்கும் இடத்தில் தொண்டையின் பரப்பு அதைப்போல ஆறு மடங்குக்குக் குறையாமல் இருந்தால், அந்தக் கழுத்து தனி அறையாக மாறி மேல் ஒத்ததிர்வுகளை ஓரிடத்தில் கொண்டுவந்து கொத்தாகக் கட்டும். பெரிய வாத்தியக் குழுவின் சத்தம் 500 ஹெர்ட்ஸை ஒட்டி உச்சம் தொட்டு, அதற்கு மேல் சரிந்துவிடும். 3,000-இல் பாடகனுக்குப் போட்டி இல்லை. நம் காதுத் துவாரமும் அதே இடத்தில்தான் ஒத்ததிர்கிறது. கொட்டகையில் ஆர்மோனியம், மிருதங்கம், கூட்டத்தின் சளசளப்பு எல்லாவற்றையும் தாண்டி ஒரு குரல் வந்தது என்றால் சத்தம் கூடியதால் என்பதைவிட, ஆளில்லாத சந்தில் புகுந்து வந்ததால் என்பதே எனக்கு நம்பத் தகுந்ததாக இருக்கிறது. கிட்டப்பாவின் தொண்டையை யாரும் அளக்கவில்லை. அவர் காலத்துத் தட்டில் மேல் அதிர்வெண்களும் குறைவாகத்தான் பதிந்தன. இயற்பியல் மேடைக்கு மேடை மாறாது என்ற நம்பிக்கையில் ஊகிக்கிறேன்.

பயிற்சி என்று வரும்போது நம் மரபின் மந்திரஸ்தாயி சாதகத்தைப் பற்றி ஒரு வார்த்தை. விடியற்காலையில் கீழ்ச்சுரங்களில் அகாரம் பிடிப்பது மடிப்புகளை முழுதாக மூடப் பழக்கும். மேலே போனாலும் மூடுவதை விடக்கூடாது என்பதால் அந்த அடித்தளம் தேவை. கைமாற்றத்தை மட்டும் அது கற்றுத்தராது. அதற்கு வாசலுக்கு மேலிருந்து மெலிதாகத் தொடங்கிக் கீழே இறங்கிவர வேண்டும், ஏறிக்கொண்டே போவதைவிட இது சுலபம். தாவும் இடம் ஏற்றத்திலும் இறக்கத்திலும் வேறு வேறு என்று முன்னே சொன்னதைப் பாடகன் தனக்குச் சாதகமாக்கிக்கொள்ளும் தந்திரம் அது. ஒரே சுரத்தை மெலிதாக எடுத்து, பெருக்கி, மறுபடி மெலிதாக்கும் பழைய இத்தாலியப் பயிற்சியும் இதே தசைப் பேரத்தைத்தான் பழக்குகிறது. பஸ் ஓட்டும் விளையாட்டில் குழந்தைகள் உதட்டை அதிரவிட்டு ‘புர்ர்ர்’ என்று சுருதியை ஏற்றி இறக்குவார்களே, அதையே பெரியவர்களும் செய்யலாம். மெல்லிய உறிஞ்சுகுழலுக்குள் ஊதிக்கொண்டு பாடினாலும் சரி. உதட்டோரம் வழி குறுகினால் காற்று கொஞ்சம் திரும்பி வந்து மடிப்புகளுக்கு மெத்தை போட்டதுபோல் நிற்கும், மோதல் மென்மையாகும். அமெரிக்காவின் இங்கோ டிட்சே இதன் இயற்பியலை விரிவாக எழுதியிருக்கிறார். நம் வீட்டுக் குழந்தைகள் அதைப் படிக்கவில்லை.

தமிழ்ப் பாட்டுக்காரர்கள் எழுப்பும் நியாயமான எதிர்ப்பு ஒன்று உண்டு. ‘ஆ’வை ‘ஒ’ பக்கம் சாய்த்தால் சாகித்தியம் கெடாதா? கெடும், கொஞ்சம். ஆனால் 500 ஹெர்ட்ஸ் சுரத்தில் ‘ஈ’யும் ‘ஊ’வும் எப்படியும் தம் அடையாளத்தைப் பாதி இழந்துவிடும், 300-இல் இருக்க வேண்டிய ஒத்ததிர்வுக்குத் தீனி போட அங்கே எந்த மேற்சுரமும் இல்லை. உச்சத்தில் அகாரமாகப் பார்த்து நீட்டும் வழக்கம் நம்மிடம் வேரூன்றியது ஏன் என்பதற்கும் இதில் கொஞ்சம் காரணம் இருக்கக்கூடும்.

இதைவிடக் கனமான எதிர்ப்பு கிடர்பூர்ப் பக்கத்திலிருந்தே வருகிறது. குரல்களை இணைத்தாக வேண்டும் என்று யார் விதித்தது? வடவங்காளத்துக் கூச்பிஹாரில் 1901-இல் பிறந்த அப்பாசுத்தீன் அகமது, 1930-களில் கல்கத்தாவில் பதிவுசெய்த பவையா என்னும் நாட்டுப் பாடல்களில் உடைவை மறைக்கவில்லை, காட்டுகிறார். நீட்டிய சுரத்தின் நடுவே குரல் சட்டென்று மேலே துள்ளிக் கீழே விழுகிறது. அந்த வட்டாரத்தில் அதைப் பள்ளமும் மேடுமான மண்பாதையில் மாட்டுவண்டி குலுங்குவதோடு சேர்த்துச் சொல்வார்கள். பாடுகிறவன் வண்டிக்காரன், குலுங்கினால் தொண்டையும் குலுங்கும். இணைப்பு உடம்பின் விதி இல்லை, ரசனையின் தேர்வு என்பதை இந்தப் பாட்டு நிரூபித்துவிடுகிறது; அதை நான் மறுக்கப் போவதில்லை. டெனரும் நாடகக்காரரும் ஒரு ரசனைக்குப் பணிந்து வாசலை மூடி மெழுகினார்கள், பவையாக்காரர் கதவைத் திறந்தே போட்டார். ஆனால் தற்செயலாக உடைந்த குரலுக்கும் இதற்கும் உள்ள வித்தியாசம் இசைத்தட்டிலேயே கேட்கிறது. உள்தசை பிடியை விட்ட கணம் ஒரு துள்ளல். மறுகணம் அதே தசை அதே சுரத்தைத் திரும்பப் பிடிக்கிறது, சுருதி இம்மியும் பிசகவில்லை. வண்டிச் சக்கரம் பள்ளத்தில் இறங்கி ஏறுகிறது, மாடுகள் நடையை மாற்றவில்லை, பாட்டு அடுத்த அடிக்குப் போய்விட்டது.